60 லிட்டர் ஆல்-இன்-ஒன் கடல்நீர் கிட்: தொட்டி தேறுகிறது, அளவுக் கருவிகள் தேறவில்லை

கடல்மீன் வளர்க்க ஆசைப்பட்டு இறங்குகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் இந்தப் பெட்டியைத்தான். 60 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி, பின்சுவரை ஒட்டி மூன்று அறைகள், ரிட்டர்ன் பம்ப், எல்.ஈ.டி. விளக்கு, ஹீட்டர், ஸ்பாஞ்ச், கார்பன், செராமிக் வளையங்கள், சின்ன ஸ்கிம்மர் (குமிழ் விட்டுக் கழிவை நுரையாக எடுக்கும் கருவி), பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் (உப்பளவு காட்டும் கருவி), ஒரு டப்பா டெஸ்ட் ஸ்ட்ரிப் (நீரைச் சோதிக்கும் பட்டை), ஒரு பாக்டீரியா பாட்டில், 2 கிலோ கடலுப்பு, ஒரு கையேடு. பெயரும் ஸ்டிக்கரும் மாறினாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய இதுவேதான். அதனால் ஒரு பிராண்டைப் பிடித்துக்கொள்ளாமல், இந்த வகைக் கிட்டையே பாகம் பாகமாக எடுத்துப் பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தொட்டி நல்ல தொட்டி. பின்னறை அமைப்பு, பம்ப், விளக்கு மூன்றும் புதியவருக்குத் தாராளமாகப் போதும். ஆனால் முதல் மூன்று மாதங்களில் மீன்கள் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டே இரண்டுதான்: உப்பளவு நகர்ந்தது தெரியாமல் போவது, அம்மோனியா இருப்பது தெரியாமல் போவது. இந்த இரண்டையும் காட்டவேண்டிய ஹைட்ரோமீட்டரும் ஸ்ட்ரிப்பும்தான் பெட்டிக்குள் மிக மட்டமான பொருட்கள். அவற்றை ஒதுக்கிவிட்டு வேறு வாங்கும் எண்ணம் இருந்தால் கிட்டை வாங்கலாம். இல்லையென்றால் வாங்கவேண்டாம் என்றே சொல்வோம்.

தொட்டியும் பின்னறைகளும்

தண்ணீர், கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் எடை 80 கிலோவைத் தாண்டிவிடும். சாதாரண புத்தக அலமாரி தாங்காது. வைக்கும் இடத்தை ரசமட்டம் வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் சில மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும் சிலிக்கான் ஒட்டுகளின்மேல் இழுப்பு விழும். கீழே ஃபோம் மேட் விரித்து, நல்ல தண்ணீரை நிரப்பி, 24 மணி நேரம் அப்படியே விட்டுக் கசிவு பார்த்த பிறகே உப்பைத் தொடவேண்டும். இந்த ஒரு நாளைக் கையேடு குறிப்பிடுவதே இல்லை.

கல்லை அடுக்கும் வரிசையும் முக்கியம். முதலில் கல், அது நேராகக் கண்ணாடி அடித்தளத்தில் உட்காரவேண்டும். பிறகுதான் மணல். மணலின்மேல் கல்லை வைத்தால், கோபி மீனோ பிஸ்டல் இறாலோ அடியில் வளை தோண்டும்போது கல் சரிந்து கண்ணாடியில் மோதும். மணல் 2 முதல் 3 செ.மீ. போதும். அரகோனைட் மணலாக இருக்கட்டும். தண்ணீர் ஊற்றும்போது மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாக ஊற்றினால் கலங்கல் குறையும். அப்படியும் ஓரிரு நாள் பால் மாதிரிதான் இருக்கும். அது தானாகப் படிந்துவிடும், அதற்கு எந்த மருந்தும் தேவையில்லை.

கல்லும் மணலும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் 60 லிட்டர் தொட்டியில் உண்மையில் நிற்கும் தண்ணீர் 50 லிட்டருக்குப் பக்கத்தில்தான் வரும். மருந்தோ, மீன் விடும் முன் தொட்டியைத் தயாராக்கும் அம்மோனியாவோ, வேறு எதையாவதோ அளந்து ஊற்றும்போது இந்த 50 என்ற எண்ணை வைத்தே கணக்குப் போடவேண்டும். முதல் முறை நிரப்பும்போது வாளி வாளியாக எண்ணிக் குறித்து வைத்துக்கொண்டால் உங்கள் தொட்டியின் சரியான அளவு கையில் இருக்கும்.

பின்னறைகள்தான் இந்த வடிவமைப்பின் நல்ல அம்சம். மேற்பரப்புத் தண்ணீர் சீப்புப் பல் போன்ற இடைவெளிகள் வழியாக முதல் அறைக்கு வரும். அங்கே ஸ்பாஞ்ச். இரண்டாவதில் கார்பன், வளையங்கள், ஹீட்டர். மூன்றாவதில் நீரைத் தொட்டிக்குத் திருப்பும் ரிட்டர்ன் பம்ப். முன்பக்கம் தண்ணீர் மட்டம் எப்போதும் ஒரே அளவில் நிற்கும். ஆவியாகிக் குறைவது மூன்றாவது அறையில் மட்டும்தான் தெரியும். வாங்கியவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. முன்னால் தொட்டி நிறைந்திருக்கும். பின்னால் பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கியிருக்கும். தொட்டி முழுக்கப் பொடிக் குமிழ்கள் பறந்தால் முதலில் பார்க்கவேண்டிய இடம் இந்த மூன்றாவது அறைதான். சரியான மட்டத்தில் மார்க்கரால் வெளியே ஒரு கோடு போட்டுவிடவும். ஹீட்டரை மூன்றாவது அறையில் வைக்கவே கூடாது. தண்ணீர் இறங்கி ஹீட்டர் வெளியே தெரிந்தால் குழாய் வெடித்துவிடும்.

ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு ஃபில்டர் ஃபிளாஸ் பஞ்சு வைத்து, மூன்று நாளைக்கு ஒருமுறை தூக்கி எறிந்துவிடலாம். கையேடு சொல்வதுபோல் ஸ்பாஞ்சை மாதக்கணக்கில் விட்டால் அதில் சிக்கிய தீனியும் கழிவும் அங்கேயே அழுகி நைட்ரேட்டாக மாறும். செராமிக் வளையங்கள் போதிய கல் இருக்கும் தொட்டியில் தேவைப்படாது. கார்பனை அலசிப் போட்டு மாதம் ஒருமுறை மாற்றவும். சில கிட்டுகளில் பாஸ்பேட் நீக்கும் பை ஒன்றும் வரும். அதைப் பிரிக்காமல் எடுத்து வைத்துவிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

ஹைட்ரோமீட்டர்: இதை நம்பவேண்டாம்

கடலின் சராசரி உப்பளவு ஆயிரத்தில் 35 பங்கு, அதாவது 35 பி.பி.டி. அடர்த்தி எண்ணில் சொன்னால் சுமார் 1.026. பவளமோ இறாலோ வைக்கப்போகும் தொட்டிக்கு இதுவே இலக்கு.

கிட்டில் வரும் ஹைட்ரோமீட்டர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஆடும் முள். அந்த முள்ளில் ஒரு சின்னக் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டால் முள் மேலே போகும், உப்பு அதிகம் என்று காட்டும். முன்பு அளந்த நீர் காய்ந்து உப்பு படிந்திருந்தால் முள் கனத்துக் கீழே நிற்கும், உப்பு குறைவு என்று காட்டும். இரண்டாவது பிழைதான் ஆபத்தானது. குறைவு என்று நம்பி உப்பைக் கூட்டிக்கொண்டே போவார்கள். புதிதாக இருக்கும்போதே ஒரே தண்ணீருக்கு இரண்டு ஹைட்ரோமீட்டர்கள் இரண்டு விதமாகக் காட்டுவது சகஜம்.

ரிஃப்ராக்டோமீட்டர் (நீர் ஒளியை வளைப்பதை வைத்து உப்பளவு காட்டும் கருவி) வாங்குங்கள். கிட்டுக்கு மேல் செலவு செய்யப்போவது ஒரே ஒரு பொருளுக்குத்தான் என்றால் அது இதுவாக இருக்கட்டும். அதையும் சரிபார்த்தே நம்பவேண்டும். வெறும் தூய நீரைவிட்டுப் பூஜ்யத்தில் நிறுத்தினால் மட்டும் போதாது. விற்பனையில் உள்ள பல ரிஃப்ராக்டோமீட்டர்கள் சாதாரண உப்புக் கரைசலுக்காகச் செய்யப்பட்டவை. பூஜ்யத்தில் சரியாக இருந்தும் 35-க்கு அருகே ஒன்றரை பி.பி.டி. வரை தள்ளிக் காட்டும். 35 பி.பி.டி. என்று குறித்து விற்கும் திட்டக் கரைசலை வைத்துத் திருகைச் சரிசெய்வதே முறை. அது கிடைக்கவில்லையென்றால் அயோடின் சேர்க்காத தூய உப்பு 3.65 கிராமை 96.35 கிராம் தூய நீரில் கரைத்தால், அந்தக் கரைசல் 35 பி.பி.டி. கடல்நீர் ஒளியை வளைக்கும் அதே அளவு வளைக்கும். மில்லிகிராம் வரை காட்டும் சிறு தராசு இருந்தால் இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அளக்கும்போது மூன்று நான்கு சொட்டு விட்டு, குமிழ் இல்லாமல் மூடி, அரை நிமிடம் பொறுத்து வெள்ளை வெளிச்சத்தில் பார்க்கவும். தொட்டியின் நீல விளக்கின்கீழ் பார்த்தால் கோடு மங்கித் தவறாகப் படிக்க நேரும்.

இனி உப்பளவு எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். ஆவியாவது நல்ல தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். மூடி இல்லாத இந்த அளவுத் தொட்டியில், மேலே விசிறியும் ஓடினால் ஒரு நாளில் ஒரு லிட்டர் வரை போகும். 50 லிட்டரில் ஐந்து நாள் ஊற்றாமல் விட்டால் 45 லிட்டர்தான் மிஞ்சும். 35 ஆக இருந்த உப்பளவு 39-ஐத் தொட்டிருக்கும். அதைப் பார்த்துப் பதறி ஐந்து லிட்டர் நல்ல தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினால், சில நிமிடங்களில் மறுபடி 35. மீன் தாங்கக்கூடும். இறாலும் நட்சத்திர மீனும் நத்தையும் அவ்வளவு எளிதில் தாங்காது. இதைவிட மோசமான பிழை, குறைந்த தண்ணீருக்குப் பதிலாக உப்புநீரை ஊற்றுவது. தினம் ஒரு லிட்டர் உப்புநீர் என்றால் தினமும் 35 கிராம் உப்பு கூடுகிறது, உப்பளவு நாளுக்கு 0.7 ஏறுகிறது. ஒரு வாரத்தில் 40.

தினமும் காலையில் கோடு வரை தூய நீர் ஊற்றினால் போதும். வெளியூர் போகிறவர்களுக்குத் தானாக நீர் சேர்க்கும் ஏ.டி.ஓ. கருவி தேவை. மூன்றாவது அறையில் அதன் சென்சாரை வைத்து, நத்தை ஏறி உட்காராதபடி சுற்றிலும் வலைத்துண்டு கட்டவும். அதன் நீர்க்கலன் சிறியதாக இருக்கட்டும். சென்சார் பழுதாகி முழுக் கலனும் தொட்டிக்குள் கொட்டினாலும் 3 லிட்டர் என்றால் தப்பிக்கலாம், 20 லிட்டர் என்றால் கதை முடிந்தது.

உப்பளவு ஏற்கனவே 39-க்குப் போய்விட்டிருந்தால் 5 லிட்டர் தொட்டிநீரை எடுத்துவிட்டு 5 லிட்டர் தூய நீர் சேர்த்தால் 35-க்கு வரும். அதை ஒரே நாளில் செய்யாமல் மூன்று நாளாகப் பிரித்துச் செய்யவும்.

உப்பும் தண்ணீரும்

கிட்டில் வரும் உப்பைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லிட்டருக்கு 36 முதல் 39 கிராம் வரை ஆகும். ஈரம் இழுத்த உப்பு என்றால் இன்னும் கொஞ்சம் கூடும், ஆகவே எடையை மட்டும் நம்பாமல் கடைசியில் அளந்து பார்க்கவும். தண்ணீரில் உப்பைப் போடவேண்டும். உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் அடியில் செறிவு அளவு மீறிக் கால்சியம் வெள்ளைப் பொடியாகப் பிரிந்துவிடும், அது திரும்பக் கரையாது. வாளியில் ஒரு சின்னப் பம்ப் ஓடட்டும். சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகே மாற்றவேண்டும்.

குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீர் போதும் என்று கையேடு எழுதியிருக்கிறது. இதைக் கடுமையாக மறுக்கிறோம். குளோரின் நீக்கி சிலிகேட்டையோ பாஸ்பேட்டையோ எடுப்பதில்லை. பழைய செம்புக் குழாயில் வரும் செம்பு, மீனை விட்டுவிட்டு இறாலையும் நத்தையையும் கொல்லும். ஆவியானதற்கு ஈடாக இந்தத் தண்ணீரையே தினமும் ஊற்றினால் அதிலுள்ளது எல்லாம் தொட்டிக்குள் சேர்ந்துகொண்டே போகும். தேவை ஆர்.ஓ.வும் (நுண்சவ்வில் வடிகட்டுவது) அதற்குப் பின் டி.ஐ. ரெசினும் (மிஞ்சிய அயனிகளைப் பிடிப்பது) உள்ள கருவி. வெளிவரும் நீரில் டி.டி.எஸ். (கரைந்துள்ள பொருட்களின் அளவு) பூஜ்யம் காட்டவேண்டும். 300 டி.டி.எஸ். குழாய்நீர் நல்ல ஆர்.ஓ. மெம்பரேனைக் கடந்தாலும் கொஞ்சம் மிஞ்சும், அந்த மிச்சத்தைப் பிடிப்பதுதான் டி.ஐ. குடிநீர்க்கான ஆர்.ஓ. இயந்திரங்கள் பல, சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பவை. அந்த நீர் இதற்கு ஆகாது. ரெசினைத் தேதி பார்த்து மாற்றவேண்டியதில்லை, மீட்டரில் 1 தெரிந்த அன்று மாற்றினால் போதும்.

‘24 மணி நேரத்தில் மீன் விடலாம்’ என்ற பாட்டில்

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருப்பது இந்த வாக்குறுதிதான். மிக அதிகமான உயிர்கள் போவதும் இதை நம்பித்தான்.

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் வருவது அம்மோனியா. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். இவை கல்லின் நுண்துளைகளில் ஒட்டி வளரவேண்டும். உயிரில்லாத உலர்கல்லில் தொடங்கினால் இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பாட்டிலில் உள்ளவை உயிரோடு இருந்தால் இந்தக் காலம் நன்றாகவே குறையும். பயன் இல்லாத பொருள் என்று சொல்லமாட்டோம். ஆனால் கிடங்கிலும் லாரியிலும் அந்தப் பாட்டில் எவ்வளவு வெயில் தின்றது என்பது வெளியிலிருந்து தெரியாது. காலாவதித் தேதியைப் பாருங்கள், ஊற்றிய பிறகு வேலை செய்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

கடல்நீரில் அம்மோனியா நன்னீரைவிட ஏன் கொடியது என்பதையும் தெரிந்துகொள்ளவேண்டும். தண்ணீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று நஞ்சு, மற்றது பெரிதாகத் தீங்கு செய்யாதது. பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7 உள்ள நன்னீரில் மொத்தத்தில் அரை சதவீதம் அளவே நஞ்சு வடிவம். பி.எச். 8.1 முதல் 8.3 வரை உள்ள கடல்நீரில் அது 5 முதல் 10 சதவீதம். நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொண்ட அதே அளவு இங்கே செவுளை எரித்துவிடும். நன்னீர் அனுபவம் உள்ளவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது.

செய்யவேண்டிய முறை: தொட்டியில் உப்புநீர், கல், மணல், பம்ப், ஹீட்டர் எல்லாம் தயார். விளக்கு வேண்டாம். வாசனையோ சோப்போ கலக்காத அம்மோனியம் குளோரைடு 3 கிராமை 100 மி.லி. தூய நீரில் கரைத்து வைத்துக்கொள்ளவும். அதில் 10 மி.லி. ஊற்றினால் 50 லிட்டரில் அம்மோனியா சுமார் 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரும். அதோடு பாக்டீரியா பாட்டிலையும் ஊற்றவும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அம்மோனியாவை அளக்கவும். பூஜ்யத்துக்கு வந்ததும் மறுபடி 10 மி.லி. ஊற்றவும். ஊற்றிய 2 பி.பி.எம். முழுவதும் 24 மணி நேரத்துக்குள் மறைந்தால் தொட்டி தயார். 4, 5 பி.பி.எம். என்று அதிகமாக ஊற்றினால் வேகம் கூடாது, பாக்டீரியாவே தடுமாறும். உறைந்த இறாலைப் போட்டு அழுகவிடும் பழைய முறையும் வேலை செய்யும். அளவு கட்டுக்குள் இருக்காது, நாற்றமும் பாஸ்பேட்டும் மிஞ்சும்.

நைட்ரைட் கொஞ்சம் தெரிந்தால் பதறவேண்டாம். கடல்நீரில் நிறைய குளோரைடு இருப்பதால் அது நைட்ரைட்டை மீனின் உடலுக்குள் எளிதில் போகவிடாது. நைட்ரைட் வேறொரு விதத்தில் குழப்பும்: அது இருக்கும்வரை நைட்ரேட் சோதனை மிக அதிகமாகக் காட்டும். நைட்ரைட் இறங்கும்வரை நைட்ரேட்டை அளப்பதில் பயனில்லை. எல்லாம் முடிந்ததும் நைட்ரேட்டை அளந்து, 20 பி.பி.எம்.முக்கு மேல் இருந்தால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு முதல் மீனை விடலாம்.

கிட்டில் வரும் ஸ்ட்ரிப்புகளால் இந்த வேலை ஆகாது. பல டப்பாக்களில் அம்மோனியாவுக்கான கட்டமே இருக்காது. இருக்கும் கட்டங்களும் ஈரம் பட்டால் நிறம் மாறிவிடும். சொட்டு மருந்து வகை அம்மோனியா, நைட்ரேட் டெஸ்ட் கிட் இரண்டு, பாஸ்பேட்டுக்கு ஒன்று, ஆல்கலினிட்டிக்கு (பி.எச். மாறாமல் தாங்கும் நீரின் திறன்) ஒன்று. தொடக்கத்துக்கு இவை போதும். நைட்ரேட் கிட்டில் தூள் படியும் பாட்டிலை அரை நிமிடம் பலமாகக் குலுக்காவிட்டால் எப்போதும் பூஜ்யம்தான் காட்டும். ‘நைட்ரேட் இல்லை’ என்று பெருமைப்படும் புதுத் தொட்டிகளில் பாதிக்கு விளக்கம் இந்தக் குலுக்காத பாட்டில்தான் என்பது எங்கள் எண்ணம்.

விளக்கும், மணல் பழுப்பாகும் காலமும்

விளக்கு நன்றாக இருக்கிறது. மென்பவளங்களுக்குப் போதிய வெளிச்சம், நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் குறைக்கலாம். குறை ஒன்றுதான்: முதல் நாளே முழு வெளிச்சத்தில் 12 மணி நேரம் எரியும்படி அமைத்திருக்கிறார்கள். பாதி வெளிச்சம், 8 மணி நேரம் என்று மாற்றிக்கொள்ளவும்.

மீன் வந்த சில வாரங்களில் மணலும் கல்லும் பழுப்பாகும். இதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் தொட்டியைக் காலி செய்துவிடுகிறார்கள். அவசரப்படாமல் அது என்ன என்று அடையாளம் காணவேண்டும். ஏனென்றால் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றை வளர்த்துவிடும்.

மாவு தூவியதுபோல் பழுப்புப் படலம், விரலால் தேய்த்தால் பறந்துவிடும் என்றால் டயாட்டம் என்ற நுண்பாசி. சிலிகேட் தீர்ந்ததும் சில வாரங்களில் தானே போகும். சிவப்பு அல்லது கருஞ்சிவப்புத் தோல்போல் உரிந்து வந்தால் சயனோபாக்டீரியா. நீரோட்டம் எட்டாத மூலைகளில் முதலில் வரும். கிட்டின் ரிட்டர்ன் பம்ப் ஒரு பக்கம் மட்டுமே தள்ளுவதால், எதிர்ப்பக்கம் ஒரு சின்ன வேவ்மேக்கர் வைத்துக் கல்லுக்குப் பின்னாலும் நீர் நகரும்படி செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மூன்றாவதுதான் பெரிய தலைவலி: டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர், சுருக்கமாக டைனோ. சளிபோல் பழுப்பு இழைகள், நுனியில் காற்றுக்குமிழ். மாலையில் செழித்திருக்கும், விடியற்காலையில் பாதி காணாமல் போயிருக்கும். இவற்றில் சில இனங்கள் நஞ்சுள்ளவை, மேய்ந்த நத்தைகள் செத்து விழும். உறுதிசெய்ய எளிய வழி உண்டு. கொஞ்சம் சளியைத் தொட்டிநீரோடு எடுத்து ஒரு சின்ன பாட்டிலில் பலமாகக் குலுக்கி, காகித வடிகட்டியில் வடிகட்டி, வடிந்த நீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வைக்கவும். இழைகள் மறுபடி ஒன்றுசேர்ந்தால் டைனோதான்.

இது வரும் காரணம் அழுக்கு அல்ல, அளவுமீறிய சுத்தம். உலர்கல்லில் தொடங்கிய தொட்டியில் போட்டிக்கு வேறு நுண்ணுயிர்கள் குறைவு. அங்கே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் மற்ற பாசிகள் பட்டினி கிடக்கும், டைனோ மட்டும் தாக்குப்பிடித்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பாஸ்பேட் பையைப் பிரிக்கவேண்டாம் என்றது இதனால்தான். வந்துவிட்டால் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, நைட்ரேட்டை 5 முதல் 10 பி.பி.எம். வரையும் பாஸ்பேட்டை 0.1 பி.பி.எம். அளவுக்கும் உயர்த்தி அங்கேயே நிறுத்தவேண்டும். நஞ்சை இழுக்கக் கார்பன் ஓடட்டும். இரவில் நீரில் மிதக்கும் இனமாக இருந்தால் யு.வி. கருவி (நீரைப் புற ஊதாக் கதிரில் காட்டுவது) நல்ல பலன் தரும். மணலிலேயே தங்கும் இனமானால் யு.வி. உதவாது, பொறுமையும் ஊட்டச்சத்தும்தான் வழி. ஒரு சின்னத் துண்டு லைவ் ராக்கை (உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல்கல்) தொடக்கத்திலேயே சேர்த்தால் பலவகை நுண்ணுயிர்கள் வந்து இந்தத் தொல்லை குறையும். ஏய்ப்டேசியா என்ற தொல்லை அனிமோன் கூடவே வரலாம். வந்தால் அதை வெட்டவோ நசுக்கவோ வேண்டாம், ஒவ்வொரு துணுக்கும் தனித்தனியாக முளைக்கும். பெப்பர்மின்ட் இறால் அதைத் தின்னும்.

எந்தக் காரணத்துக்காகவும் தொட்டியிலிருந்து எடுத்த கல்லை அடுப்பில் கொதிக்கவைக்கக் கூடாது. ஸோஆந்திட் பவளங்களில் சில பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சைக் கொண்டவை. அந்த ஆவியைச் சுவாசித்தவர்கள் மருத்துவமனைக்குப் போகவேண்டி வந்திருக்கிறது.

ஹீட்டர், ஸ்கிம்மர்

ஹீட்டர் 50 வாட். இந்த அளவுக்குப் பொருத்தம்தான். ஆனால் இதன் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் நாளாவட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஹீட்டர் அணையவே அணையாது. தனிக் கன்ட்ரோலர் ஒன்றில் மாட்டி, அதில் 25.5 டிகிரி, ஹீட்டரின் சொந்தத் திருகில் 27 டிகிரி என்று வைத்தால் ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். சூடான அறைகளில் சிக்கல் தலைகீழ். மேற்பரப்பில் விசிறி ஓடினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாவது அதற்கேற்பக் கூடும் என்பதை மறக்கவேண்டாம். எல்லா ஒயர்களும் பிளக்கைவிடத் தாழ்வாக ஒருமுறை தொங்கி மேலேறட்டும். வழிந்து வரும் உப்புநீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும். மின்கசிவு துண்டிப்பான் இல்லாத இணைப்பில் இந்தத் தொட்டியை மாட்டக்கூடாது.

ஸ்கிம்மரைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். சத்தம் போடும், பொடிக் குமிழ்களை விடும், எடுக்கும் கழிவு சொற்பம். வாரம் 5 லிட்டர் தண்ணீர் மாற்றினால் அதைவிட நன்றாக இருக்கும்.

கையேட்டில் உள்ள மீன் படம்

நீல டாங் மீனைப் படத்தில் போட்டிருக்கிறார்கள். ஓர் அடி வரை வளரும் மீன் அது. 60 லிட்டரில் அதை வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. மாண்டரின் மீனும் இதே பக்கத்தில் இருக்கிறது. கோப்பிபாட் என்ற மிகச் சிறிய உயிரினங்களை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும் அந்த மீன், புதுத் தொட்டியில் மெல்ல மெல்லப் பட்டினியால் சாகும். ‘தாக்குப்பிடிக்கும் முதல் மீன்’ என்று டாம்செல் வகைகளை வைத்தால் அவை உயிரோடு இருக்கும், பிறகு வருகிற மீன்களைத்தான் இருக்கவிடாது. பண்ணையில் பொரித்த சின்ன க்ளௌன் மீன் இரண்டு, சில மாதம் கழித்து ஒரு சின்ன கோபி. இந்தத் தொட்டியின் கொள்ளளவு அவ்வளவுதான். பாசி தெரிந்த பிறகு ட்ரோகஸ் நத்தை மூன்று நான்கு. கவிழ்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும்.

மீன் தூரத்திலிருந்து பையில் வந்திருந்தால், பையைத் திறந்து வைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் கலக்கும் வழக்கம் ஆபத்து. மூடிய பையில் கரியமிலவாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் சேர்ந்த அம்மோனியா அவ்வளவாகத் தாக்காமல் இருக்கும். திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அதே அம்மோனியா நஞ்சாகிவிடும். பையின் உப்பளவை முன்கூட்டியே கேட்டு, புதுமீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியின் நீரை அதே அளவில் தயாராக வைத்து, பையை மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் மீனை மட்டும் எடுத்து விடவும். பைத்தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது.

தனிமைத் தொட்டி என்ற சொல்லே கையேட்டில் இல்லை. 40 லிட்டர் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகள், ஹீட்டர். ஒரு மாதம் அங்கே இருக்கட்டும். வெள்ளைப்புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீனில் ஒரு வாரம்வரை தங்கி, பிறகு கீழே விழுந்து கூடு கட்டிப் பெருகும். புள்ளி மறைந்தது குணமானதாகத் தோன்றும். உண்மையில் அது அடுத்த அலைக்கு முந்தைய இடைவெளி. முக்கியத் தொட்டிக்குள் அது நுழைந்துவிட்டால் மீன்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விடவேண்டும் என்பதே வழக்கமான கணக்கு. செம்பு மருந்தைத் தனிமைத் தொட்டியில் மட்டுமே பயன்படுத்தவேண்டும். முக்கியத் தொட்டியில் ஊற்றினால் இறால், நத்தை, பவளம் எல்லாம் போகும், கல்லும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

யாருக்கு ஏற்றது

க்ளௌன் ஜோடியும் காளான் பவளம், ஸோஆந்திட் போன்றவையும் போதும் என்கிறவர்களுக்கு ஏற்ற கிட். கல்பவளங்களை, குறிப்பாக அக்ரோபோராவை வைக்கும் ஆசை உள்ளவர்கள் குறைந்தது இரண்டு மடங்கு கொள்ளளவும் தனி சம்ப்பும் (கருவிகளை வைக்கும் துணைத் தொட்டி) உள்ள தொட்டிக்குப் போகவேண்டும். 50 லிட்டரில் அவற்றுக்கு வேண்டிய அளவு நிலைத்தன்மையைக் காப்பது அனுபவசாலிக்கே கடினம். வாங்குகிறவர்கள் கூடவே வாங்கவேண்டியவை: ரிஃப்ராக்டோமீட்டரும் திட்டக் கரைசலும், சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டுகள், டி.டி.எஸ். மீட்டர், ஹீட்டர் கன்ட்ரோலர், தனிமைத் தொட்டிக்கான சாமான்கள், மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி ஏர்பம்ப். கிட்டின் கண்ணாடி மூடிக்குப் பதிலாக 6 மி.மீ. கண் உள்ள வலை மூடியும் தேவை. கோபி குதித்து வெளியே விழும், இறுக்கமான கண்ணாடி மூடியோ காற்றுப் போக்குவரத்தைக் குறைத்துவிடும். ரிட்டர்ன் பம்ப்பின் இம்பெல்லர் (உள்ளே சுழலும் பாகம்) தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காத கிட் என்றால் வேறு பார்ப்பது நல்லது.